மருத்துவ அறிஞர் ஜூ தான்சி

சீன நாட்டின் கீழ்க்கடலோரத்தில் செஜியாங் என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அதன் நடுப்பகுதியில் உள்ள யீவூ, இன்று சிறு பண்டங்களின் வாணிகத்தால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது உழவுத் தொழிலையே நம்பியிருந்த அமைதியான வட்டாரமாக இருந்தது. அங்குள்ள சிற்றூர் ஒன்றில் கி.பி. 1281 ஆம் ஆண்டில் ஜூ ஜென்ஹெங் பிறந்தார். ஊரருகே ஓடிய ஓடைக்குத் தான்சி என்று பெயர். செந்நிற ஓடை என்பது அதன் பொருள். அவர் குடும்பத்தார் வழிவழியாக அவ்வோடைக் கரையில் வாழ்ந்தமையால் அறிஞர்கள் அவரை ஜூ தான்சி என்றே அழைக்கலாயினர். அப்பெயரே நிலைத்தும் விட்டது.

அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1279 இல், தென் சோங் அரசு வீழ்ந்து, சீனம் முழுவதும் மங்கோலியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையாரை அவர் இளமையிலேயே இழந்தார். மூன்று ஆண்மக்களையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்புத் தாயாரைச் சேர்ந்தது. தான்சி இளமையில் அடங்கிய பிள்ளையாக இருந்தார் எனச் சொல்ல முடியாது. வலியவர் எளியவரை வருத்தக் கண்டால் அவர் உள்ளம் கொதிக்கும். உடனே அறமன்றத்துக்குச் சென்று வழக்காடுவார். ஊர்ப் பெருஞ்செல்வர்கள் அவரிடம் சற்று அச்சத்துடனேயே நடந்துகொண்டனர்.

அவருக்கு முப்பது வயது ஆனபோது தாயார் கடும் வயிற்று நோயால் வருந்தினார். ஊரிலிருந்த மருத்துவர் பலர் வந்தனர்; நாடி பார்த்தனர்; மருந்து கொடுத்தனர். நோய் தணியவில்லை. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் மகன் செய்வதறியாது திகைத்தார். பிறரை நம்பிப் பயனில்லை என்று கண்டதும், சீன மருத்துவத்தின் தொன்னூலான மஞ்சள் பேரரசரின் உள்நூலைத் தாமே கையில் எடுத்தார். அந்நூல் எளிதில் பொருள் விளங்குவதன்று. மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் அதனைப் பயின்றார். மேலும் இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், தாமே மருந்து அளித்துத் தாயாரின் நோயைத் தணித்தார்.

இதனால் மகிழ்ச்சி உண்டானது உண்மையே. ஆயினும் அதனுடன் ஆறாத் துயரமும் வந்து சேர்ந்தது. உள்நூலைக் கற்றபின் அவர் தம் குடும்பத்தில் நேர்ந்த இறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். உடலின் உள்ளே நலிவுற்றிருந்த தந்தையார், மயக்கத்தால் வருந்திய பெரிய தந்தையார், மூக்கிலிருந்து குருதி ஒழுகிய சிறிய தந்தையார், கால்வலியால் துன்புற்ற தம்பி, கபம் திரண்டு நலிந்த மனைவி ஆகிய ஐவரும் நோயினால் மட்டும் மாண்டவரல்லர். தவறான மருந்தினால் மாண்டனர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நெஞ்சு பிளந்தது போன்ற அவ்வேதனையைத் தாம் பிற்காலத்தில் எழுதிய நூலின் முகவுரையிலேயே அவர் மறைக்காமல் குறித்துள்ளார்.

மருந்தில் தவறு நேர்ந்தது எவ்வாறு? சோங் அரசர் காலத்தில் அரசு மருந்தகங்களுக்கென ஒரு கையேடு தொகுக்கப்பட்டிருந்தது. அதில் 788 கூட்டு மருந்துகளின் செய்முறைகள் இடம்பெற்றிருந்தன. நோயின் பெயரைப் பார்த்து அதற்கு நேரே எழுதியுள்ள மருந்தை எடுத்துக் கொடுத்துவிடலாம். மக்களுக்கு நன்மை கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் காலப்போக்கில் மருத்துவர் பலர் அக்கையேட்டையே முழுதும் நம்பி, நோயாளியின் உடலைப் பார்ப்பதை விட்டுவிட்டனர். அதிலுள்ள மருந்துகளில் பல, வெப்பமும் வறட்சியும் மணமும் மிக்க சரக்குகளால் ஆனவை. மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும், முதியவருக்கும் இளையவருக்கும் ஒரே மருந்து என்னும் வழக்கம் பரவியது. இவ்வழக்கத்தை எதிர்ப்பதே தான்சியின் வாழ்நாட் பணியாக அமைந்தது.

முப்பத்தாறாம் வயதில் அவர் சூ சியன் என்னும் மெய்யியல் அறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியரோ நெடுநாளாக நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவர். கூரிய அறிவுடைய இம்மாணவர் மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டால் தாம் எழுந்து நடக்கவும் கூடும் என்று அவர் ஒருநாள் சொன்னார். அச்சொல் தான்சியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அரசுத் தேர்வுக்காகத் தாம் எழுதி வைத்திருந்த ஏடுகள் அனைத்தையும் தீயிலிட்டார். ஆட்சிப் பதவி பற்றிய எண்ணம் அன்றோடு ஒழிந்தது.

1325 ஆம் ஆண்டில், நாற்பத்து நான்கு வயதில், நல்லாசிரியர் ஒருவரைத் தேடிப் புறப்பட்டார். பல நகரங்களில் அலைந்து, கடைசியாக ஹாங்சௌ நகரில் லுவோ ஜிதி என்னும் முதிய மருத்துவர் இருப்பதைக் கேள்வியுற்றார். லுவோ பேரறிவு படைத்தவர், பெருஞ்செருக்கும் உடையவர். எவரையும் எளிதில் ஏற்கமாட்டார். தான்சி மீண்டும் மீண்டும் சென்றும் கதவு திறக்கவில்லை. அவரோ நாள்தோறும் வாயிலில் கைகட்டி நின்றார்; காற்றடித்தாலும் மழை பொழிந்தாலும் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. இவ்வாறு மூன்று மாதங்கள் கழிந்தன. வாயிலில் நிற்பவர் நாடறிந்த கல்விமான் என்பதைச் சிலர் எடுத்துரைத்த பின்னரே லுவோ மனமிரங்கி அவரை உள்ளே அழைத்தார். நரை தோன்றிய வயதில், பெயரும் புகழும் பெற்ற ஒருவர், பிறர் வாயிலில் மாணவராக நிற்பது எளிய செயலன்று.

லுவோவிடம் அவர் கற்றவற்றுள் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. சேய்மையிலிருந்து வந்த இளந்துறவி ஒருவர் உடல் மெலிந்து, மேனி மஞ்சளித்து லுவோவிடம் வந்தார். ஊரிலுள்ள தாயைப் பிரிந்த ஏக்கமே அவர் நோய்க்கு மூலம். வயிற்றில் தேங்கிய கழிவை வெளியேற்ற வேண்டும் என்பதை லுவோ உணர்ந்தார். எனினும் பேதி மருந்தை உடனே கொடுக்கவில்லை. பதினைந்து நாட்கள் நன்கு வெந்த இறைச்சியுணவு ஊட்டினார்; இனிய சொற்களால் தேற்றினார்; ஊருக்குச் செல்லும் வழிச்செலவையும் தாமே தருவதாகச் சொன்னார். உடல் தேறிய பின்னரே மருந்து கொடுத்துத் தேங்கியதை நீக்கினார். துறவியும் நலம் பெற்று ஊர் திரும்பினார். உடலில் மிகையானதை நீக்குவதற்கும் முதலில் உடலுக்கு வலிமை வேண்டும் என்பதைத் தான்சி அங்கே நேரில் கண்டார்.

ஊர் திரும்பிய அவரை உள்ளூர் மருத்துவர்கள் முதலில் எள்ளி நகையாடினர். கையேட்டு மருந்தைக் குறை கூறுபவரை வேறு எவ்வாறு நடத்துவர்? ஆனால் அவர் ஆசிரியர் சூ சியனின் நாட்பட்ட நோயைத் தீர்த்துவைத்ததும், நகைத்தவர்களே நாணி, அவரிடம் பாடம் கேட்க வந்தனர்.

தான்சியின் மருத்துவத்தில் தனிச் சிறப்புடையது, உடற்பருமனைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி. சீனர் இதனைப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்திருந்தனர். பருத்த உடலினரை மூவகையாக உள்நூல் பிரிக்கின்றது. இனிப்பும் கொழுப்பும் மிக்க உணவை இடைவிடாது உண்பவர்க்கு, உள்ளே வெப்பம் மிகுந்து, தீராத் தாகமும் மெலிவும் தரும் நோய் உண்டாகும் என்றும் அது கூறுகின்றது. இன்று நீரிழிவு என்று அழைக்கப்படும் நோயோடு பெரிதும் ஒத்தது அது. இவ்வாறு பருமனையும் நீரிழிவையும் தொடர்புபடுத்திப் பார்த்த கூர்மை வியக்கத்தக்கதே.

தான்சி இதனை மேலும் விளக்கினார். நாடியைத் தொடுமுன் நோயாளியின் உடலமைப்பையும் நிறத்தையும் பார்க்கவேண்டும் என்றார். பருத்த உடலில் ஈரமும் கபமும் மிகுதி. மெலிந்த உடலில் வெப்பம் மிகுதி என்பது அவர் கொள்கை. ஆகையால் இருவருக்கும் ஒரே தலைச்சுற்றல் வந்தாலும் மருந்து ஒன்றாக இருத்தல் ஆகாது. மேலும், பருத்து வெளுத்திருப்பவர் வலிமை மிக்கவர் என்று உலகம் எண்ணுகின்றது. உண்மையில் அவர் உயிராற்றல் குன்றியவர் என்றார். உண்ட உணவைப் பக்குவம் செய்து உடலெங்கும் அனுப்பும் வேலை, சீன மருத்துவ முறைப்படி, மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும் உரியது. அளவுக்கு மீறி உண்பதாலும், மதுவாலும், உழைப்பின்மையாலும் அவ்வேலை தளர்ந்தால் உணவின் சாரம் குருதியாக மாறாமல் ஈரமாகத் தேங்கும். தேங்கிய ஈரம் தடித்துக் கபமாகும். அக்கபம் உடலைப் பருக்கவைத்துப் பல நோய்களுக்கு இடம் கொடுக்கும். ஓடாத நீரில் பாசி படர்வதைப் போன்றது இது.

மருந்தும் இக்கருத்தை ஒட்டியே அமைந்தது. கபத்தை மட்டும் துரத்துதல் பயன் தராது. உடலின் உயிர்க்காற்றைத் தடையின்றி ஓடச்செய்தால் கபம் தானே கரையும் என்பது அவர் துணிபு. இதற்கு அவர் பெரிதும் பயன்படுத்தியது இரு பழஞ்சரக்குக் கசாயம் என்னும் மருந்து. பான்சியா என்னும் கிழங்கு, உலர்ந்த கமலாப்பழத் தோல், ஊசியிலை மரவேரில் வளரும் ஒருவகைக் காளான், அதிமதுரம் ஆகியவை அதில் சேர்ந்தவை. முதல் இரண்டும் எவ்வளவு பழையனவோ அவ்வளவு நல்லவை என்பதால் அப்பெயர் பெற்றது. உடல்நிலைக்கேற்ப வேறு சரக்குகளையும் அவர் உடன் சேர்ப்பார். இம்மருந்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அவர் கண்டித்த அரசு மருந்தகக் கையேட்டிலிருந்தே வந்தது! கையேட்டின் மீது அவருக்குப் பகை இல்லை; கண்ணை மூடிக்கொண்டு அதனைப் பின்பற்றுவதையே அவர் வெறுத்தார்.

ஆனால் மருந்தை அவர் இரண்டாம் இடத்திலேயே வைத்தார். முதலிடம் உணவுக்கு. இதனை அவருக்குக் கற்பித்தது நூலன்று. அவருடைய அன்னையே ஆவார்.

அன்னையாருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. அவருடையது இயல்பாகவே கபம் மிகுந்த உடல். மகனின் கவனிப்பினால் அது தலையெடுக்காமல் இருந்தது. முதியோரைப் பேணும் முறை தமக்குக் கைவந்துவிட்டது என்று தான்சி நம்பினார். அந்நிலையில் அன்னையாருக்கு மலச்சிக்கல் ஏற்பட்டது. மகன் புதிய பசும்பாலையும் பன்றிக் கொழுப்பையும் கஞ்சியில் கலந்து ஊட்டினார். சிக்கல் நீங்கியது, அன்னையும் மகிழ்ந்தார், மகனும் மகிழ்ந்தார். ஆயினும் நெய்ப்பான அவ்வுணவு நாள்தோறும் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் அது பிசுபிசுத்த கபமாகித் தேங்கி, விலாப்புறத்தில் புண்ணாக வெளிப்பட்டது. முதுமகளார் வலியால் உறக்கமின்றித் துடித்தார். நாட்டில் பெயர் பெற்ற மருத்துவரான மகன், நிற்க இடமின்றி நாணி நின்றார். பகைவர் கொடுத்த நஞ்சன்று அது. அன்பு மகன் தன் கையால் ஊட்டிய கஞ்சி.

அத்துன்பத்தில்தான் அளவறிந்து பேணுதல் என்னும் முறையை அவர் வகுத்தார். நெய்ப்புப் பண்டங்களை நிறுத்தினார். ஜின்செங் முதலிய வேர்களைக் கொண்டு இரைப்பைக்கும் குருதிக்கும் வலிமை தரும் மருந்தைப் பருவத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துவந்தார். மலச்சிக்கல் நீங்கியது, முகம் தெளிந்து ஒளிபெற்றது. அன்னையார் முன்னிலும் மெலிந்து காணப்பட்டார்; ஆனால் நோயின்றி வாழ்ந்தார். உடல் மெலிந்திருந்தாலும் குறையில்லை, நோயற்றிருப்பதே வேண்டுவது என்று மகன் அமைதி அடைந்தார். முதியோர்க்குக் கொழுத்த இறைச்சியும் மதுவும் பொரித்த பண்டங்களும் ஊட்டுவதே மக்களின் கடமை என்று கருதிய காலம் அது. அவ்வாறு ஊட்டாத பிள்ளையை ஊரார் பழிப்பர். அப்பழிக்கு அஞ்சாமல் தம் வீட்டில் நேர்ந்ததை அப்படியே எழுதி, முதியோர் பேணல் பற்றிய உரையாக அவர் வெளியிட்டார்.

இவ்வுரை, 1347 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கசி யூலுன் என்னும் நூலில் உள்ளது. அந்நூலிலேயே குழந்தை வளர்ப்புப் பற்றிய உரையும் உண்டு. குழந்தையின் செரிமான உறுப்புகள் மென்மையானவை. ஆகையால் கொழுத்த உணவு, இனிப்பு, எளிதில் செரியாத பண்டங்கள் ஆகியவற்றை விலக்கவேண்டும். மெல்லிய பட்டாடைகளாலும் மயிராடைகளாலும் உடலின் கீழ்ப்பகுதியை மிகுதியாக வெப்பமூட்டக் கூடாது என்கிறார். குழந்தை அழுகின்றது என்று கேட்டதையெல்லாம் கொடுக்கும் தாயின் பரிவு, குழந்தைக்குத் தீங்காகவே முடிகின்றது என்று அவர் வருந்துகிறார். எளிய உணவைப் பற்றித் தனியே ஓர் உரையும் எழுதினார். தானியம், கீரை, கனி ஆகியவற்றில் இயற்கையாக அமைந்த சுவை வேறு. அடுக்களையில் உப்பும் புளிப்பும் சேர்த்துச் செயற்கையாக உண்டாக்கும் சுவை வேறு. முன்னது உடலை வளர்க்கும், பின்னது மிகுந்தால் உடலைக் கெடுக்கும் என்று அதில் பிரித்துக் காட்டினார். மலையோரத்து ஏழை மக்கள் எளிய உணவை உண்டும் தளராமல் உழைக்கின்றனர் என்பதையும், அதே உடம்பைப் பெற்ற செல்வர் மட்டும் நோயில் வாடுகின்றனர் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கச் செய்கிறார்.

சொல்லியவாறே அவர் வாழ்ந்தும் காட்டினார். வீட்டில் அவர் உண்டது கீரைக்குழம்பும் எளிய சோறுமே. பெருஞ்செல்வர் இல்லத்து விருந்துகளுக்கு அவரை அழைப்பதுண்டு. நிலத்திலும் நீரிலும் கிடைக்கும் அருஞ்சுவைப் பண்டங்களெல்லாம் அவர்முன் பரப்பப்பட்டிருக்கும். அவரோ நிமிர்ந்து பேசாது அமர்ந்திருப்பார். உண்ணும் குச்சிகளைக் கையால் தொடவும் மாட்டார். விருந்தளித்தவர்க்கு அது சற்றே கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நோயாளியிடமிருந்து அழைப்பு வந்தால் பனியென்றும் மழையென்றும் பாராமல் உடனே புறப்படுவார். உடன் செல்லும் ஏவலர் முணுமுணுத்தால், நோயுற்றவனுக்கு ஒரு நொடி ஓர் ஆண்டாகக் கழியும் என்பதை எடுத்துரைப்பார். ஊர்ப் பணியிலும் அவர் பின்வாங்கவில்லை. பாழ்பட்டுக் கிடந்த ஏரி ஒன்றை ஊராரைக் கூட்டிச் செப்பனிடச் செய்தார். அவ்வேரியால் 6000 மூ பரப்புள்ள வயல்கள் பாசனம் பெற்றன. மூ என்பது ஏக்கரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

அவருடைய முறைகள் அனைத்தையும் இன்று அப்படியே கொள்ளுதல் இயலாது. மாட்டிறைச்சிச் சாற்றைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கச் செய்து வயிற்றைக் கழுவும் களஞ்சியக் கழுவல் என்னும் கடுமையான முறையையும் அவர் மேற்கொண்டதுண்டு. பான்சியாக் கிழங்கு பச்சையாக உண்டால் நஞ்சு. பக்குவப்படுத்திய பின்னரும் தேர்ந்த மருத்துவரின்றிப் பயன்படுத்தத் தக்கதன்று. உடலில் கொழுப்பு சேரும் வகையை இன்றைய அறிவியல் வேறு விதமாக விளக்குகின்றது; உடலின் தேவைக்கு மேற்பட்ட உணவாற்றல் கொழுப்பாகத் தங்குகிறது என்றும், பிறப்பியல்பு, நாளமில்லாச் சுரப்பிகள், உறக்கம் முதலியனவும் அதற்குக் காரணமாகும் என்றும் கூறுகின்றது. எனினும் தான்சியின் செல்வாக்குச் சீனத்தில் மறையவில்லை. சான்சா என்னும் புளிப்புப் பழம், முள்ளங்கி விதை முதலியவற்றைச் சேர்த்து, உணவுத் தேக்கத்துக்காக அவர் வழியினர் செய்த பாவோஹ மாத்திரை இன்றும் மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றது. 2024 ஆம் ஆண்டில் சீன அரசின் தேசியச் சுகாதார ஆணையம் உடற்பருமன் மருத்துவத்துக்கென வெளியிட்ட வழிகாட்டியில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, புதிய மருந்துகள், அறுவை ஆகியவற்றோடு மரபு மருத்துவமும் இடம்பெற்றது. அதில் கூறப்பட்ட வகைகளுள் கபமும் ஈரமும் மிகுந்த உடலும் ஒன்று.

ஜின், யுவான் அரசுகளின் காலத்தில் வாழ்ந்த நான்கு பெரு மருத்துவருள் காலத்தால் கடைசியானவர் தான்சி. அவருடைய கொள்கைகள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தாஷிரோ சாங்கி என்பவரால் ஜப்பானுக்கும் கொண்டுசெல்லப்பட்டன.

1358 ஆம் ஆண்டுக் கோடையில், சீனர் கணக்குப்படி எழுபத்தெட்டாம் வயதில், தான்சி இறுதி நாளை எய்தினார். சொத்தைப் பற்றியோ புகழைப் பற்றியோ அவர் ஒன்றும் பேசவில்லை. மருத்துவம் பயின்றுகொண்டிருந்த தம் குடும்பத்து இளைஞர் ஒருவரை மட்டும் அருகே அழைத்தார். மருத்துவக் கல்வி கடினமானது, அதனை மறவாமல் விழிப்போடு கற்கவேண்டும் என்று சொன்னார். பின்பு நிமிர்ந்து அமர்ந்தபடியே உயிர் நீத்தார். அவரை நன்கறிந்த சோங் லியன் என்னும் பெரும்புலவர் அவருடைய கல்லறைக்குரிய வரலாற்றை எழுதினார். விருந்துகளில் அவர் உண்ணும் குச்சிகளைத் தொடாமல் அமர்ந்திருந்த செய்தி அதனால்தான் இன்றும் தெரியவருகின்றது.